எழுதாத தாளுக்கும் கணக்கு வேண்டும்

நமது சங்கங்களில் மாலை நேரம் வந்ததும் ரொக்கத்தை எண்ணுகிறோம். ரொக்கப் புத்தகத்தில் கண்ட இருப்பும் பெட்டியில் உள்ள இருப்பும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்து, காரியதரிசி கையொப்பமிட்ட பின்னரே பெட்டியைப் பூட்டுகிறோம். பத்து ரூபாய் குறைந்தாலும் அன்றிரவு குமாஸ்தாவுக்கு உறக்கம் வருவதில்லை. இது நல்ல பழக்கம். 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் நாட்டின் முதற் கிராமக் கடன் சங்கங்களுள் ஒன்று தோன்றிய காலந்தொட்டு, கூட்டுறவு இயக்கம் நமக்குக் கற்பித்து வந்த பழக்கம்.

ஆனால் அதே அறையில், இரும்புப் பெட்டிக்கு நான்கு அடி தூரத்தில், மேசைமீது பிரிண்டர் எனப்படும் அச்சுப்பொறி ஒன்று நிற்கிறது. அதன் தட்டில் டெபாசிட் ரசீதுத் தாள்கள் எத்தனை உள்ளன என்று கேட்டால், விடை கூறுவார் பெரும்பாலும் இல்லை. “ஒரு கட்டு வைத்தோம், பாதி தீர்ந்திருக்கும்” என்பதே நாம் செல்லும் சங்கங்களில் வழக்கமாகக் கேட்கும் மறுமொழி. பெட்டியிலுள்ள ஐந்நூறு ரூபாய் நோட்டு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் பெறாது. தட்டிலுள்ள அந்த வெற்றுத் தாளோ, அதன்மீது எத்தொகையை எழுதுகிறோமோ அத்தொகையைப் பெறும். மதிப்பு மிகுந்த பொருள் திறந்து கிடக்க, மதிப்புக் குறைந்த பொருளைப் பூட்டி வைக்கிறோம். இதனை அங்கத்தினர்கள் அனைவரும் சற்றுச் சிந்திக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

காவலுக்குரிய தாள்கள் எவை என்பதை முதலில் தெளிந்துகொள்வோம். வெறும் வெள்ளைத் தாள் ஒன்று காணாமற் போனால் நட்டம் ஒரு ரூபாய்கூட இராது. சங்கத்தின் பெயரும் சின்னமும் வரிசை எண்ணும் முன்னரே அச்சிடப்பெற்று, விவரங்களை மட்டும் நிரப்ப வேண்டிய நிலையில் இருக்கும் தாள்களே நாம் குறிப்பிடுவன. நிரந்தர வைப்பு ரசீது, பங்குச் சான்று, நகைக்கடன் சீட்டு, காசோலை ஆகியவை கடன் சங்கங்களில் உள்ளன. கரும்பு பயிரிடுவோருக்கு ஆலையின் வெட்டு உத்தரவு இத்தகையது; அது கையில் இருந்தால்தான் கரும்பு வண்டி ஏறும். நெசவாளர் சங்கங்களில் பட்டுச் சேலையோடு இணைக்கும் ‘சில்க் மார்க்’ சீட்டு உண்டு. 2004-ஆம் ஆண்டில் மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் வந்த அச்சீட்டில் ஹோலோகிராமும் தனி எண்ணும் உள்ளன. 2006-இல் வந்த கைத்தறி முத்திரைச் சீட்டையும் இதனோடு சேர்க்கலாம். இவற்றுக்கெல்லாம் பொதுவான குணம் ஒன்றே. தாளைக் கண்டவுடன், அதனை நீட்டுபவரை அறியாவிட்டாலும், எதிரே இருப்பவர் பணத்தையோ பொருளையோ கொடுத்துவிடுகிறார்.

இத்தகைய தாள் ஒன்று களவு போனால் நேரக்கூடியது யாது? எடுத்துக்காட்டாக, நெசவுத் தொழில் புரியும் அங்கத்தினர் ஒருவர் மகளின் திருமணத்திற்கென்று இரண்டு லட்ச ரூபாயைச் சங்கத்திற்குக் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பணத்தைப் பெற்றுக்கொள்பவர் அதனைக் கணக்கில் ஏற்றாமல், தட்டிலிருந்து முன்னரே எடுத்து வைத்திருந்த தாளில் விவரங்களை அச்சிட்டு, முத்திரையிட்டுக் கொடுத்துவிடுகிறார். அங்கத்தினர் கையில் இருப்பது மெய்யான தாள், மெய்யான முத்திரை. அவர் அதனைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிட்டு மூன்றாண்டு காத்திருப்பார். முதிர்வுத் தேதியன்று சங்கத்திற்கு வந்தால், அவர் பெயரில் பேரேட்டில் பக்கமே இல்லை. “இது எமது ரசீதன்று” என்று சங்கம் சொல்லிவிடவும் இயலாது, தாள் சங்கத்தினுடையது. “கொடுத்துவிடுகிறோம்” என்று சொல்லவும் இயலாது. அத்தொகை மற்ற அங்கத்தினர்களுடைய பணத்திலிருந்தே வர வேண்டும். வங்கிகளில் வைப்பாளர் ஒருவருக்கு 5 லட்ச ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியில் அவ்வரம்பு உயர்த்தப்பட்டது. கூட்டுறவு வங்கிகளுக்கும் அது பொருந்தும். தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களுக்கோ அக்காப்பீடு கிடையாது. ஆகவே களவுபோன ஒரு தாளின் சுமை சுற்றிச் சுற்றி அங்கத்தினர் தலைமீதே வந்து விழும்.

இந்த அபாயம் முன்னாளில் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் அதனைக் காட்டிக் கொடுக்கும் எளிய கருவியும் ஒன்று இருந்தது. அதுதான் அடிக்கட்டை. பழைய ரசீதுப் புத்தகத்தில் நூறு தாள்கள் தைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தாளின் எண்ணும் அடிக்கட்டையிலும் இருக்கும். எவரேனும் நடுவில் ஒரு தாளைக் கிழித்தால் அடிக்கட்டை வெறுமையாக நின்று சாட்சி சொல்லும். அடிக்கட்டையோடு சேர்த்துக் கிழித்தால் தையல் தளர்ந்து, எண் ஒன்று தாண்டி நிற்கும். புத்தகத்தைப் புரட்டிய மாத்திரத்தில் தணிக்கையாளர் கண்டுகொள்வார்.

இப்போது புத்தகம் போய்த் தனித்தாள் வந்திருக்கிறது. 2022 ஜூன் மாதத்தில் மத்திய அரசு 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. கணினி வந்தது நன்மையே. கணக்கு அன்றாடம் முடிகிறது, வட்டி பிழையின்றிக் கணிக்கப்படுகிறது. எனினும் கணினியோடு அச்சுப்பொறியும், அச்சுப்பொறியோடு தனித்தாளும் வந்தன. தட்டில் கிடக்கும் இருநூறு தாள்களின் நடுவிலிருந்து மூன்றினை உருவினால், மேலேயுள்ள தாளும் கீழேயுள்ள தாளும் இருந்தபடியே இருக்கும். தையல் இல்லை, அடிக்கட்டை இல்லை, கிழிந்த சுவடும் இல்லை. அந்த மூன்று எண்களின் முறை வரும் நாளில்தான் இடைவெளி தெரியும். அன்றைக்கும், “சிக்கிக் கிழிந்திருக்கும், குப்பையில் போட்டிருப்போம்” என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணிலிருந்து தொடர்ந்துவிடுவார்கள். பழைய புத்தகம் தானே செய்து வந்த காவலை இனி நாம் செய்தாக வேண்டும். கணினி வாங்கிய அன்று இதனை எவரும் நமக்கு எடுத்துச் சொல்லவில்லை.

“எங்கள் தாள் சாதாரணத் தாள் அன்று, நீர்க்குறி உள்ளது, நகல் எடுத்தால் உள்ளே மறைந்திருக்கும் எழுத்து வெளிப்படும், புற ஊதா ஒளியில் சின்னம் மின்னும், எவராலும் போலி செய்ய முடியாது” என்று பெருமையுடன் சொல்லும் நிர்வாகிகள் உண்டு. காசோலைகளில் இவை யாவும் உள்ளன. ரிசர்வ் வங்கி வகுத்த 2010-ஆம் ஆண்டுத் தரத்தின்படி காசோலைத் தாளில் நீர்க்குறியும், நகலில் மட்டும் தோன்றும் மறை எழுத்தும், கண்ணுக்குப் புலப்படாத மையில் வங்கியின் சின்னமும் இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் இதன் எல்லையை உணர்வது அவசியம். இந்த அடையாளங்கள் யாவும் தாளை நகல் எடுப்பவனைத் தடுக்கின்றன. தாளையே எடுத்துக்கொண்டு போகிறவனை அவை தடுக்கமாட்டா. மாறாக அவனுக்குத் துணை நிற்கும். சோதிப்பவர் தாளை ஒளியில் பிடித்துப் பார்ப்பார், நீர்க்குறி தெரியும், ஐயம் நீங்கிவிடும். தாள் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவுக்கு அதன் களவு கொடியது.

உலகம் இப்பாடத்தை வெகு விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 1925-ஆம் ஆண்டில் போர்ச்சுக்கல் நாட்டில் ஆல்வெஸ் ரெய்ஸ் என்பவன், அந்நாட்டு வங்கி கொடுத்ததுபோல் பொய்யான ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்து, லண்டனில் நோட்டு அச்சிட்டு வந்த வாட்டர்லோ நிறுவனத்தையே ஏமாற்றினான். அந்த நிறுவனம் 500 எஸ்குடோ நோட்டுகளை மெய்யான தகட்டைக்கொண்டு, மெய்யான தாளில், இரண்டு லட்சம் அச்சிட்டு அவன் ஆட்களிடம் ஒப்படைத்தது. வங்கியின் நிபுணர்கள் அந்நோட்டுகளை எவ்வளவு சோதித்தும் குற்றம் காணவில்லை. காண்பதற்குக் குற்றமே இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் போர்ட்டோ நகரில் அவனது வங்கிக் கிளையைச் சோதனையிட்டபோது, ஒரே வரிசை எண் கொண்ட நோட்டுகள் இரண்டு அகப்பட்டன. தாளும் மையும் சொல்லாததை எண் சொல்லிவிட்டது. அச்சிட்ட நிறுவனத்தின்மேல் வங்கி தொடுத்த வழக்கு அந்நாளில் பிரிட்டனின் உச்ச மன்றமாயிருந்த பிரபுக்கள் சபை வரை சென்று, 1932-இல் வங்கிக்குச் சாதகமாக முடிந்தது. ஏமாற்றப்பட்டோம் என்று சொல்லி அச்சகம் தப்ப முடியவில்லை.

நம் நாட்டில் முத்திரைத்தாள் மோசடியை அறியாதார் இல்லை. அப்துல் கரீம் தெல்கி என்பவர் 1994-இல் மும்பையில் முத்திரைத்தாள் விற்பனை உரிமம் பெற்றார். நாசிக்கிலுள்ள அரசாங்கப் பாதுகாப்பு அச்சகத்தில் கழிக்கப்பட்ட இயந்திரங்கள் அவர் கைக்கு வந்து சேர்ந்தன. உடைத்து உருக்கப்பட்டிருக்க வேண்டிய இயந்திரம் பழையபடி ஓடத் தொடங்கியது. அதில் அச்சான முத்திரைத்தாள்களை வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் மொத்தமாக வாங்கின. அங்காடியில் முத்திரைத்தாளுக்குத் தட்டுப்பாடு நிலவியதால், கேட்ட அளவு கொடுப்பவரிடம் வாங்கினார்கள். எண்ணைச் சரிபார்க்க எவரும் முனையவில்லை. 2001 நவம்பரில் அவர் அஜ்மீரில் கைது செய்யப்பட்டார். 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் நீண்ட சிறைத் தண்டனைகள் விதிக்கப்பட்டன. 2017 அக்டோபரில் தண்டனைக் காலத்திலேயே பெங்களூரில் இறந்தார். இம்மோசடி வெளிப்பட்ட பின்னரே, தனி எண்ணோடு கணினியில் பதிவாகி, எவரும் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய மின் முத்திரைச் சான்று முறை நாட்டில் பரவியது. மறுபடியும் எண்தான் காவல் என்பதைக் கவனிக்க.

வெற்றுத் தாள் களவுக்கு இன்னும் நேரான சான்று ஒன்று உண்டு. 1999-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலிருந்த பெல்ஜிய நாட்டுத் துணைத் தூதரகத்திலிருந்தும் ஹேக் நகரிலிருந்த தூதரகத்திலிருந்தும் நிரப்பப்படாத கடவுச்சீட்டுகள் களவு போயின. 2001 செப்டம்பர் 9 அன்று ஆப்கானிஸ்தானத்தின் படைத்தலைவர் அகமது ஷா மசூதைப் பத்திரிகையாளர் வேடத்தில் வந்து கொன்ற இருவரும் அவற்றைத்தான் வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டே, களவுபோன கடவுச்சீட்டுகளின் எண்களை உலக நாடுகள் அனைத்துக்கும் அறிவிக்கும் பட்டியலை இன்டர்போல் ஏற்படுத்தியது. தூதரகத்துக்கு நேர்ந்தது பெரிது, நமது சங்கத்துக்கு நேர்வது சிறிது என்று நினைக்கலாம். எனினும் இரண்டிலும் அலமாரியிலிருந்து போனது நிரப்பப்படாத தாளே.

இனி நம் கரையோரத்துக்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். கோவளம் தொடங்கி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கூவத்தூர் வழியாகச் செய்யூர் வரையுள்ள சங்கங்களில் கடற்காற்றின் ஈரம் தாளில் ஏறிவிடுகிறது. தாள் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒரு வாரம் தட்டிலேயே கிடந்த தாளின் ஓரம் அலையலையாக நெளிந்திருப்பதைக் காணலாம். மைத்தூளைப் பதிய வைப்பதற்காக அச்சுப்பொறியின் உள்ளே உருளை ஒன்று ஏறக்குறைய 200 டிகிரி வெப்பத்தில் சுழல்கிறது. ஈரத்தாள் அதனுள் நுழைந்தவுடன் ஈரம் ஆவியாகித் தாள் சுருண்டு சிக்கிக்கொள்கிறது. மதுராந்தகத்திலோ அச்சிறுபாக்கத்திலோ மாதத்திற்கு இரண்டு தாள் பழுதானால், கரையோரச் சங்கத்தில் பத்துத் தாள் பழுதானாலும் வியப்பில்லை.

இதில் தாளின் விலை பெரிதன்று. பழுதான தாள் என்ற பெயரே திருடனுக்குத் திறந்த கதவு. உண்மையில் பத்துத் தாள் சிக்கும் இடத்தில், பன்னிரண்டு தாள் சிக்கியதாக எழுதினால் யார் அறிவார்? கசங்கிய தாளைக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டால் அந்தப் பத்தும் உண்மைதானா என்பதற்கே சாட்சி இல்லாமற் போகிறது. கரையோரச் சங்கம் ஒன்றில் நாம் பார்வையிடச் சென்றபோது, ஆறு மாதத்தில் முப்பத்தேழு ரசீதுத் தாள்கள் பழுது என்று எழுதப்பட்டிருக்கக் கண்டோம். தாள்களைக் காட்டச் சொன்னோம். பத்தொன்பது தாள்கள் கிடைத்தன. மற்றவை எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. அவை குப்பைக்கே போயிருக்கலாம். அங்குள்ள ஊழியர்மீது நாம் பழி சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதினெட்டுத் தாள்கள் எங்கேனும் எவர் கையிலேனும் இல்லை என்று இன்றும் உறுதி கூற எவராலும் இயலாது. அச்சங்கம் அந்தப் பதினெட்டு எண்களையும் செல்லாதவை என்று தீர்மானம் இயற்றி, மத்திய வங்கிக்கு அறிவித்து, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியது. அது சரியான செயல்.

புயலும் வெள்ளமும் வந்தால் சொல்லவே வேண்டாம். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகே கரையைக் கடந்தது. அத்தகைய இரவுகளுக்குப் பின் அலுவலகத்தில் தாள்கள் நனைந்து போவது இயற்கை. “படிவக் கட்டு இரண்டு மழையில் நாசமாயின” என்ற ஒற்றை வரியோடு கணக்கை முடித்துவிடுவதுதான் இயற்கைக்கு மாறானது. நனைந்த தாளிலும் எண் இருக்கும். உலர்த்தி, எண்களைப் பட்டியலிட்டு, நிர்வாகக் குழுவினர் இருவர் முன்னிலையில் அழித்த பின்னரே கழிவு எழுத வேண்டும்.

காக்கும் முறைக்கு வருவோம். இதற்கென்று புதிதாக எதனையும் கண்டுபிடிக்க வேண்டுவதில்லை. அரசாங்கக் கருவூலங்களில் முத்திரைத்தாளைக் காத்து வந்த இரட்டைப் பூட்டு முறை நம் கண்முன் இருக்கிறது. அறைக்குப் பூட்டு இரண்டு, சாவி இருவரிடம், ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க இயலாது. மொத்த இருப்பு அந்த அறையில். அன்றாடத் தேவைக்கு எண்ணிக் கொடுத்ததே வெளியில். சங்கத்தில் அறை வேண்டாம். இரண்டு பூட்டுள்ள இரும்பு பீரோவின் ஒரு தட்டு போதும். அச்சகத்திலிருந்து படிவங்கள் வந்த அன்றே முதல் எண், கடைசி எண் இரண்டையும் பார்த்து, இடையிலும் சில கட்டுகளைப் பிரித்து எண்ணி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி இருவர் கையொப்பமிட வேண்டும். சிறிய சங்கங்களில் ஊழியர் ஒருவரே இருக்கிறார், இரண்டாவது சாவியை யாரிடம் கொடுப்பது என்ற வினா எழும். நியாயமான வினா. அங்கே கட்டுகளை நூறு நூறாகத் தாளில் சுற்றி, அரக்கு முத்திரையிட்டு, தலைவர் அல்லது குழு அங்கத்தினர் கையொப்பமிட்டு வைக்கலாம். முத்திரை உடைக்கும் நாளில் மட்டும் அவர் வந்தால் போதும்.

ஈரத்துக்கும் இதுவே மருந்தாகிறது என்பது ஒரு வசதி. பொட்டலத்தைப் பிரிக்காமல், மூடியுள்ள பெட்டியில் வைத்த தாள் கடற்காற்றிலும் நெளிவதில்லை.

அடுத்தது அச்சுப்பொறியின் தட்டு. இதனைப் பற்றியே நாம் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். பூட்டும் தட்டுள்ள அச்சுப்பொறிகள் அங்காடியில் உண்டு. இரகசிய எண்ணை அழுத்தினால்தான் தாள் வெளிவரும் வகைகளும் உண்டு. பெரிய வங்கிக்கு அவை ஏற்றவை. நாளொன்றுக்கு ஆறு ரசீது வழங்கும் சங்கம் அவற்றுக்காகப் பணத்தைச் செலவிடுவதை நாம் ஆதரிக்கவில்லை. பெரும்பாலான அச்சுப்பொறிகளில், தட்டைத் தவிர, முன்புறத்திலோ பின்புறத்திலோ தாளை ஒவ்வொன்றாகக் கையால் செலுத்தும் வாய் ஒன்று இருக்கிறது. தட்டில் என்றும் வெள்ளைத் தாளே இருக்கட்டும். ரசீதுத் தாளை, ரசீது வழங்கும் வேளையில் மட்டும், உறையிலிருந்து ஒன்றை எடுத்து அவ்வாயில் செலுத்துவது என்று விதி வைத்துக்கொண்டால், இரவில் அச்சுப்பொறியில் களவாட எதுவும் இராது. இதற்கு ஒரு காசும் செலவில்லை. காலையில் பீரோவிலிருந்து பத்துத் தாள் எண்ணி வாங்குவது; மாலையில் வழங்கியது ஆறு, பழுது ஒன்று, மீதி மூன்று என்று ரொக்கத்தோடு சேர்த்தே ஒப்படைப்பது. ரொக்கப் புத்தகத்தின் அதே பக்கத்தின் அடியில் இதனை ஒரு வரியில் எழுதிவிடலாம்.

தாளில் அச்சகம் இட்ட எண் ஒன்று; கணினி கொடுக்கும் ரசீது எண் வேறொன்று. இரண்டும் ஒரே இடத்தில் பதிவாக வேண்டும். பணம் பெற்றதைக் கணினியில் ஏற்றும்போதே தாளின் எண்ணையும் தட்டச்சு செய்துவிட்டால், வழங்கப்பட்ட தாள் ஒவ்வொன்றுக்கும் கணக்கு ஒன்று உண்டு, கணக்கு ஒவ்வொன்றுக்கும் தாள் ஒன்று உண்டு என்றாகும். பழைய அடிக்கட்டை வேறு உருவில் திரும்பி வந்தது போலாகும். ஒரே ரசீதை இரண்டாம் முறை அச்சிட நேர்ந்தால், அதன் நெற்றியில் ‘நகல்’ என்ற சொல் தானாகவே விழும்படி மென்பொருளில் ஏற்பாடு செய்துவிட வேண்டும். மறு அச்சுக்குக் காரியதரிசியின் அனுமதி தேவை என்று வைப்பதும் நன்று.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. லேசர் அச்சுப்பொறி தான் பிறந்த நாள் முதல் எத்தனை பக்கம் அச்சிட்டிருக்கிறது என்பதைத் தன்னுள்ளேயே எண்ணி வைத்திருக்கிறது. வீட்டு மின்மானியைப் போன்றது அது. அதன் பட்டியலைத் திறந்து, நிலவரப் பக்கம் ஒன்றை அச்சிட்டால் மொத்த எண்ணிக்கை தெரியும். வாரத்திற்கு ஒரு முறை அதனைக் குறித்து வந்தால், ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் பூட்டியிருந்தபோது எண்ணிக்கை ஏறியிருப்பின் உடனே புலப்படும். இதனை முழு நிரூபணமாகக் கொள்ளலாகாது. சங்கத்தின் தாளைக் கொண்டு வேறிடத்தில் அச்சிடுபவனை அது காட்டாது. எனினும் செலவில்லாத சாட்சியை வேண்டாமென்று தள்ளுவானேன்?

பழுதான தாளுக்கு ஒரு விதிதான். எந்நிலையிலும் அது அலுவலகத்தை விட்டு வெளியேறலாகாது. கிழிந்தாலும் எண்ணுள்ள மூலையைச் சேர்த்து எடுத்து, குறுக்கே கோடிட்டு ‘ரத்து’ என்றெழுதி, தேதியிட்டு, தனி உறையில் வரிசையாக வைத்துத் தணிக்கை முடியும்வரை காக்க வேண்டும். உறையிலுள்ள தாளும் பதிவேட்டிலுள்ள பழுதும் எண்ணுக்கு எண் ஒத்திருந்தால் போதும். எத்தனை பழுது என்று எவரும் குறை கூறப் போவதில்லை. அளவு மீறினால் பொறியைப் பழுது பார்க்கலாம், அவ்வளவே.

வழக்கொழிந்த படிவங்களைப் பலர் மறந்தேவிடுகிறார்கள். 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. பழைய மாவட்டப் பெயர் அச்சிட்ட படிவங்கள் இன்றும் பரண்மீதும் மேசை அடியிலும் கட்டுக் கட்டாகக் கிடப்பதைக் காண்கிறோம். பின்பக்கத்தில் கணக்குப் போடவும், பொட்டலம் மடிக்கவும் அவற்றைக் கொடுப்பாரும் உண்டு. 2018-ஆம் ஆண்டுத் தேதியிட்ட பொய் ரசீது ஒன்றை உண்டாக்க விரும்புகிறவனுக்கு அதைவிடப் பொருத்தமான தாள் கிடைக்குமா? நாசிக்கில் கழித்த இயந்திரம் செய்ததை இங்கே கழித்த தாள் செய்யும். எண்களைக் குறித்துக்கொண்டு, குழுத் தீர்மானத்துடன், சாட்சிகள் முன்னிலையில் துண்டு துண்டாக்கி எரிப்பதே முறை.

நெசவாளர் சங்கங்களில் சீட்டுகளின் நிலை இன்னும் நொய்ம்மையானது. அவை சிறியவை, சட்டைப் பையில் அடங்கிவிடும். பட்டு முத்திரைச் சீட்டு நூறு வெளியே போனால், பட்டல்லாத இழையில் நெய்த சேலை நூறு பட்டென்ற பெயரில் விற்கும். வாங்கி ஏமாந்தவர் பழிப்பது சீட்டு விற்றவனையன்று, நம் தறியைத்தான். ஆகவே சேலைக்கு எண் இடும் பதிவேட்டிலேயே அச்சேலையில் இணைத்த சீட்டின் எண்ணையும் எழுதிவிட வேண்டும். விற்பனை நிலையத்துக்குச் சீட்டைத் தனியே அனுப்பாமல், சேலையில் இணைத்தே அனுப்புவது நல்லது.

இவ்வளவு செய்தும் ஒரு தாள் குறைந்தால், மறைப்பதுதான் பெருங்கேடு. காசோலையாயின் அந்நேரமே வங்கிக்கு எண்ணைத் தெரிவித்துப் பட்டுவாடாவை நிறுத்தச் சொல்ல வேண்டும். 2021 ஜனவரி முதல் நாளிலிருந்து, 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளின் விவரத்தை முன்கூட்டியே வங்கிக்கு அறிவித்து, அவற்றை ஒப்பிட்டுப் பணம் தரச் செய்யும் வசதி நடைமுறையில் உள்ளது. உங்கள் வங்கியில் அதற்குச் சங்கம் பதிந்திருக்கிறதா என்று கேட்டறிக. மற்றப் படிவங்களாயின் எண்ணைச் செல்லாததாக்கித் தீர்மானம் இயற்றி, மத்திய வங்கிக்கும் சரகத் துணைப் பதிவாளருக்கும் எழுதி, காவல் நிலையத்திலும் புகார் பதிய வேண்டும். 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, நம்பிக்கை மோசடியாலோ வேண்டுமென்றே காட்டிய அலட்சியத்தாலோ சங்கத்திற்கு நேர்ந்த நட்டத்தை உரியவரிடமிருந்து வசூலிக்க வழி செய்கிறது. உடனே அறிவித்தவரும், ஓராண்டு மூடி வைத்தவரும் அப்பிரிவின் முன் ஒரே நிலையில் நிற்பதில்லை.

அங்கத்தினர்கள் செய்யக்கூடியது சிறிதுதான், ஆனால் அதனை வேறெவரும் செய்ய இயலாது. ரசீது கைக்கு வந்தவுடன், தொகையைப் பார்ப்பதோடு நில்லாமல், தாளின் மூலையிலுள்ள எண்ணையும் வீட்டில் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்துச் சங்கத்திற்குச் செல்லும்போது, பணம் வாங்கியவரையன்றி வேறொருவரைக் கேட்டு, உமது கணக்கைத் திரையில் காட்டச் சொல்லி, அந்த எண் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். எழுதப் படிக்க அறியாத அங்கத்தினருக்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளை துணை வரலாம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டுவதில்லை. நேர்மையான காரியதரிசி இதனை வரவேற்பார். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு படித்து முடித்ததும், “படிவ இருப்புப் பதிவேடு தணிக்கையில் சரிபார்க்கப்பட்டதா, பழுதான தாள்கள் எத்தனை, அவை எண்ணப்பட்டனவா” என்று ஒருவர் எழுந்து கேட்டு, விடையை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் செய்யலாம்.